கல்லைக் கொதிக்க வைக்காதே

அன்புள்ள தம்பி முரளிக்கு,

உன் கடிதமும் மீன் தொட்டியின் படங்களும் கிடைத்தன. மற்றவற்றுக்கெல்லாம் பிறகு பதில் எழுதுகிறேன். அந்தக் கல்லைக் கொதிக்க வைக்காதே. அடுப்பில் ஏற்றாதே, கெட்டிலிலிருந்து வெந்நீர் ஊற்றாதே, மைக்ரோவேவ் பக்கமும் கொண்டு போகாதே. காலையிலேயே வித்யாவைப் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். நீ ஆபீசில் இருந்தாய். காரணத்தைப் போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட உட்கார்ந்து எழுதுவதுதான் சரி என்று பட்டது.

மூன்றாவது படத்தில், லைவ் ராக்கின் இடப்பக்கச் சரிவில், பழுப்பு நிறத்தில் பொத்தான் பொத்தானாக அப்பிக்கொண்டிருக்கிறதே, நீகூட "வேண்டாத களை" என்று எழுதியிருக்கிறாயே, அது பாலித்தோவா என்றுதான் எனக்குத் தெரிகிறது. கடையில் 'பாலி' என்பார்கள். பச்சையும் ஆரஞ்சுமாகக் கண்ணைப் பறிக்கும் 'சோவா'க்களும் அதற்கு நெருங்கிய சொந்தம்தான். கல்பவளம், கடல் சாமந்தி இரண்டுக்குமே இவை உறவு. கறாராகப் பார்த்தால் கல்பவளம் அல்ல. ஆனால் கடைக்காரர் பவளம் என்றே விற்கிறார், நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம்.

உன் பக்கத்து மாநிலமான வர்ஜீனியாவில் ஒருவர், நீ செய்ய நினைத்ததை அப்படியே செய்தார். தொட்டியில் பழுப்புப் பாலிகள் பெருகிவிட்டன, வெந்நீர் ஊற்றினால் செத்துவிடும் என்று ஊற்றினார். கிளம்பிய ஆவியை மூச்சில் இழுத்தார். இருமலும் மூச்சுத் திணறலுமாக மருத்துவரிடம் ஓட வேண்டியதாயிற்று. அந்தத் தொட்டியில் மிஞ்சியிருந்ததை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய ஜோனதன் டீட்ஸ் என்ற விஞ்ஞானியும் அவரோடு இருந்தவர்களும் வாங்கிச் சோதித்தார்கள். அதோடு நிற்காமல், வாஷிங்டன் வட்டாரத்தில் மூன்று மீன் கடைகளுக்குப் போய் இதே வகைப் பவளங்களை வாங்கி வந்தும் பார்த்தார்கள். 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிலவற்றில் விஷம் இல்லவே இல்லை, அல்லது பேருக்கு இருந்தது. வேறு சிலவற்றில் ஒரு கிராம் சதைக்கு அரை மில்லிகிராமிலிருந்து மூன்றரை மில்லிகிராம் வரை. எண்ணைப் பார்த்தால் சின்னதாகத் தெரியும். இந்த விஷத்தை மில்லிகிராமில் பேசுவதே பயங்கரம் என்பது உனக்குப் போகப் போகப் புரியும். எனக்கு அந்த ஆய்வில் முக்கியமாகப் பட்டது வேறு: விஷமுள்ளதும் இல்லாததும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஆகவே "இது சாதா வகைதான், ஒன்றும் செய்யாது" என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் அவர் கண்ணால் பார்த்துச் சொல்ல முடிகிற விஷயமல்ல அது.

விஷத்தின் பெயர் பாலிடாக்சின். இதை முதலில் பிரித்தெடுத்தது ஹவாயில். மௌயி தீவில் ஹானா என்ற ஊர்ப்பக்கம் பாறைகளுக்கு நடுவே ஒரு கடல் குட்டை. அதில் வளர்வதைத் தொடக் கூடாது என்று அந்த ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். "ஹானாவின் சாவுப் பாசி" என்று அதற்கு அவர்கள் மொழியில் பெயர். ஈட்டி முனையில் தடவினால் காயம் பட்டவன் பிழைக்க மாட்டான் என்பார்கள். விஞ்ஞானிகள் போய் எடுத்துப் பார்த்தபோது அது பாசியே அல்ல, ஒரு பாலித்தோவா. 1971இல் ரிச்சர்ட் மூரும் பால் ஷாயரும் அதிலிருந்து விஷத்தைப் பிரித்தெடுத்து எழுதினார்கள். அது எப்படிக் கட்டப்பட்ட மூலக்கூறு என்று கண்டுபிடிக்க இன்னும் பத்து வருஷம் பிடித்தது. அவ்வளவு பெரியது, கார்பன் அணுக்கள் மட்டுமே 129. அந்த ஊராரின் எச்சரிக்கையை நான் கட்டுக்கதை என்று தள்ள மாட்டேன். பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு அது. நம் வீட்டு வரவேற்பறைக்கு அந்த உயிர் வந்து சேரும்போது, கூடவே வர வேண்டிய எச்சரிக்கைதான் வருவதில்லை.

உடம்புக்குள் இது என்ன செய்கிறது என்பதைச் சொன்னால்தான் உன் நாய் மணியைப் பற்றியும் மீன்களைப் பற்றியும் நீ கேட்டதற்குப் பதில் சொல்ல முடியும். மனிதனோ நாயோ மீனோ, ஒவ்வொரு உயிரணுவின் சவ்விலும் ஒரு நுண்ணிய பம்பு இருக்கிறது. சோடியத்தை வெளியே தள்ளும், பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். நரம்பு, தசை, இதயம் எல்லாம் இந்த ஏற்றத்தாழ்வை நம்பித்தான் ஓடுகின்றன. பாலிடாக்சின் அந்தப் பம்பில் போய் உட்கார்ந்து அதைத் திறந்து போட்ட மதகாக ஆக்கிவிடுகிறது. சோடியம் உள்ளே பாய்கிறது, பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது. தசை இறுகுகிறது, சிவப்பணுக்கள் உடைகின்றன, இதயத் துடிப்பு தடுமாறுகிறது. மாற்று மருந்து கிடையாது. மூச்சுக்கும் இதயத்துக்கும் முட்டுக் கொடுத்துக் காத்திருப்பதுதான் சிகிச்சை. வெப்பம் இதை அழிப்பதில்லை. கொதிக்க வைப்பதால் விஷம் சாகாது. ஆவியோடு கிளம்பும் துளிகளில் ஏறி, இருக்கிற இடத்தை விட்டுப் புறப்படும், அவ்வளவுதான்.

இனி மணி. நீ கேட்டது: "அக்கா, நாய் தொட்டிக்குள்ளே விழப்போவதில்லையே, அதற்கு என்ன ஆபத்து?" தொட்டிக்குள் விழுந்தால்கூட நான் இவ்வளவு பயப்பட மாட்டேன். நாய்க்கு ஆபத்து தொட்டியில் இல்லை, தரையில் இருக்கிறது. நீ கல்லை வெளியே எடுத்து வைக்கிற பக்கெட்டில், சுரண்டிப் போட்ட டிஷ்யூ பேப்பரில், மூடாத குப்பைத் தொட்டியில், கார்ப்பெட்டில் விழுந்து நீ கவனிக்காமல் விட்ட நகத்தளவு துண்டில். லாப்ரடார் எதையும் முதலில் வாயில் போட்டுவிட்டுத்தான் யோசிக்கும். காய்ந்து கறுத்த துண்டாயிற்றே, இனி என்ன என்று நினைக்காதே. காய்ந்தாலும் விஷம் விஷம்தான். 1974இல் வெளியான ஓர் ஆய்வில் பல விலங்குகளுக்கு இதை நரம்பு வழியே ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். முயலும் நாயும்தான் மிக மிகக் குறைந்த அளவுக்கே தாங்கவில்லை. சுண்டெலிக்குத் தேவைப்பட்டதில் பத்தில் ஒரு பங்குகூட நாய்க்கு வேண்டியிருக்கவில்லை. வாய் வழியாகப் போகும்போது வீரியம் வெகுவாகக் குறைகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும், உன்னைப் பயமுறுத்த மட்டும் எழுதவில்லை. ஆனால் வாயில் ஒரு புண்ணோ, ஈறில் ஒரு கீறலோ இருந்தால் அந்தக் கணக்கு மாறிவிடும். எலும்பு கடிக்கிற நாயின் ஈறில் கீறல் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? நாய்களுக்கு இந்த விஷம் ஏறிய சம்பவங்களைப் பற்றி இங்கிலாந்துக் கால்நடை மருத்துவர்களின் இதழில் 2020இல் ஒரு கட்டுரை வந்தது. என் தொழில்காரர்களில் பலர் அதற்கு முன் இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. அதனால்தான் உனக்கு இத்தனை விரிவாக எழுதுகிறேன். மணியை நீ கொண்டு போய் நிறுத்துகிற மருத்துவருக்கும் இது தெரியாமல் இருக்கலாம்.

சுந்தரி விஷயம் வேறு. பூனை கண்டதையும் தின்னாது. ஆனால் தொட்டியின் மூடிமேல் ஏறி உட்காரும், உன் ஈரக் கைக்கு அடியில் வந்து உரசும். நீ பவளத்தைத் தண்ணீருக்கு வெளியே எடுத்தால் அது சுருங்கும்போது உள்ளிருக்கும் தண்ணீரைப் பீச்சி அடிக்கும். அது ஒருவர் கண்ணில் பட்டாலே பெரிய பாடு, கருவிழி புண்ணாகிச் சிரமப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பூனை ரோமத்தில் பட்டால்? அது உடனே நக்கித் துடைத்துக்கொள்ளும். தோலில் பட்டது வாய்க்குப் போய்விடும். ஆகவே தொட்டியில் கை வைக்கிற நாளில் சுந்தரி அந்த அறையிலேயே இருக்கக் கூடாது, கதவு சாத்தியிருக்க வேண்டும்.

நடுவே இன்னொன்று, விஷத்தோடு சம்பந்தம் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் மாற்றுகிற அன்று பழைய கடல்நீரைப் பக்கெட்டில் பிடித்து அப்படியே வைக்காதே. லிட்டருக்கு 35 கிராம் உப்பு அதில் இருக்கிறது. விளையாடிவிட்டு வந்து தாகத்தோடு இருக்கும் நாய் அதை மடக் மடக்கென்று குடித்துவிட்டால் வாந்தி, பேதி, அளவு மிஞ்சினால் வலிப்பு. பவளமே இல்லாத தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

மனிதர்களைப் பற்றி நீ கேட்கவில்லை. குழந்தை நிலா அங்கே இருக்கிறாள் என்பதால் நான் சும்மா இருக்க முடியாது. வெந்நீர் ஊற்றினால்தான் ஆபத்து என்றும் இல்லை. அலாஸ்காவில் ஆங்கரேஜ் நகரத்துக் கடைகளிலும் வீடுகளிலும் 2012 முதல் 2014 வரை பலருக்கு இந்தப் பவளங்களைக் கையாண்டதாலேயே, அல்லது அவை இருந்த அறையில் இருந்ததாலேயே, உடம்பு கெட்டதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2015இல் தன் வார அறிக்கையில் எழுதியது. காய்ச்சல், இருமல், வாயில் உலோகச் சுவை, தசைவலி. ஃப்ளூ என்று நினைத்துப் படுத்துக்கொள்ள வைக்கிற அறிகுறிகள்தான் எல்லாமே. அங்கிருந்து எடுத்த ஒரு மாதிரியில் கிராமுக்கு 7.3 மில்லிகிராம் இருந்தது, வாஷிங்டன் கடைகளில் கண்டதைவிட இரண்டு மடங்குக்கு மேல். 2018இல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் ஸ்டீபிள் ஆஸ்டன் என்ற கிராமத்தில் தொட்டியைச் சுத்தம் செய்த வீட்டில் குடும்பத்தாரோடு உதவிக்கு வந்த தீயணைப்புக்காரர்களும் மருத்துவமனைக்குப் போனார்கள். மூச்சு வழியே மனிதனை வீழ்த்துகிற ஒன்று, அதே அறையில் தரையோடு படுத்திருக்கும் நாயை விட்டுவைக்கும் என்று நான் நம்பத் தயாரில்லை.

இப்போது தொட்டிக்குள்ளே போவோம். உன் கோமாளி மீன்களும் மஞ்சள் டாங்கும் இறாலும் நத்தைகளும் அந்தப் பாலிகளுக்குப் பக்கத்திலேயே வாழ்கின்றன, ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. அமைதியாக இருக்கும் பாலி தன் விஷத்தைத் தன் உடம்புக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. மீன் அதைக் கடிப்பதில்லை, அது மீனைத் தீண்டுவதில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் வருஷக்கணக்கில் சோவா வளர்க்கிறார்கள், மீன்களும் சுகமாக இருக்கின்றன. நசுங்கும்போதும் வெட்டுப்படும்போதும் கூட்டமாகச் சாகும்போதும்தான் விவகாரம். சரிந்து விழுந்த கல்லுக்கு அடியில் ஒரு கொத்து நசுங்கினால், அல்லது நீ தொட்டிக்குள்ளேயே கத்தி வைத்து ஃப்ராக் (சிறு துண்டு) வெட்டினால், உள்ளே இருந்தது தண்ணீருக்கு வந்துவிடும். கடலில் அலை அடித்துக்கொண்டு போய்விடும். உன் தொட்டி 280 லிட்டர், தண்ணீருக்குப் போக வேறு இடமில்லை. மீன்கள் மேலே வந்து வேகவேகமாகச் செவுள் அடிக்கும், நத்தைகள் கண்ணாடியை விட்டுக் கீழே விழும், பக்கத்துப் பவளங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மூடிக்கொள்ளும். அதைப் பார்த்தால் தாமதிக்காதே. புது ஆக்டிவேட்டட் கார்பனை ஃபில்டரில் போடு, தயாராக வைத்திருக்கும் கடல்நீரால் பெரிய அளவில் மாற்று, ஸ்கிம்மர் ஓடட்டும். கார்பனும் கலந்து வைத்த உப்புத்தண்ணீரும் எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும் என்பது என் கண்டிப்பு. ராத்திரி பதினோரு மணிக்குக் கடை திறந்திருக்காது.

பாலியைத் தின்னும் மீனை வாங்கி விட்டால் களை போய்விடுமே என்றும் யோசித்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. தின்கிற உயிர்கள் இருக்கத்தான் இருக்கின்றன. சில வண்ணத்துப்பூச்சி மீன்கள், முள்முடி நட்சத்திர மீன், ஒரு வகைத் தீப்புழு, சூரியக் கடிகார நத்தை என்று அழைக்கப்படும் சிறு நத்தை. கிளைப்ஸ், மெப்ஸ் என்ற இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1999இல் எழுதியதைப் படித்தால், இப்படித் தின்பவற்றின் உடம்பிலும், சும்மா பக்கத்தில் வாழ்கிற சில கடற்பஞ்சு, நண்டு வகைகளின் உடம்பிலும்கூட இந்த விஷம் சேர்ந்து கிடப்பதைக் கண்டிருக்கிறார்கள். அந்த விலங்குகள் சாகவில்லை, சுமந்துகொண்டு திரிகின்றன. பாலி தின்ற மீன் ஒருநாள் செத்து, அதை நீ குப்பையில் போட்டு, மணி கிளறினால் என்ன ஆகும் என்று யோசி. அந்த வழி வேண்டாம். தொட்டிக்குள்ளேயே சுண்ணாம்புக் குழம்பு பூசிக் கொல்கிற வழியும் வேண்டாம். ஒரு கொத்து முழுவதும் ஒரே நேரத்தில் செத்து அழுகுகிற தண்ணீரில் உன் மீன்கள் நீந்த வேண்டியிருக்கும்.

பாலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மற்றவை நல்லவை என்று ஆகிவிடும். உன் பட்டியலில் லெதர் பவளமும் ஃபிங்கர் லெதரும் இருக்கின்றன. இனப் பெயர் சொன்னால் சார்கோஃபைட்டான், சினுலேரியா. நாய்க்கோ உனக்கோ இவற்றால் பாலி அளவுக்கு அபாயம் இல்லை. ஆனால் தொட்டிக்குள் இவை வாயில்லாமல் சண்டை போடுகின்றன. 1980களில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ஜான் கோலும் பால் சமார்க்கோவும் செய்த ஆய்வுகளில், லெதர் வகைகள் சேர்ந்த மென்பவள இனங்களில் ஏறக்குறைய பாதி மீன்களுக்கு விஷமானவை என்று தெரிய வந்தது. டெர்பீன் வகைப் பொருள்களைத் தண்ணீரில் கலந்துவிட்டுத் தொடாமலேயே பக்கத்துக் கல்பவளத்தின் வளர்ச்சியைக் குறைத்தன, சில சமயம் சதையையே உரிய வைத்தன. நீ ஆசைப்படுகிற அக்ரோப்போரா கல்பவளத்தை லெதர் பவளம் இருக்கிற தொட்டியில் வைத்தால், காரணமே தெரியாமல் அது வெளிறி நிற்கும். தண்ணீரைச் சோதித்தால் எல்லா அளவும் சரியாக இருக்கும், நீயும் தலையைப் பிய்த்துக்கொள்வாய். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்பதுதான் என் யோசனை. இரண்டும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் கார்பனை விடாமல் ஓட்டு, தவறாமல் மாற்று. கலாக்ஸியா பவளம் வாங்கினால் அதைச் சுற்றி ஒரு சாண் இடம் காலியாக விடு. இருட்டியதும் அது நீளநீளமாகக் கொட்டும் இழைகளை வெளியே விடும், பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. யானைக்காது காளான் பவளம் மட்டும் உன் வீட்டுக்கு வரவே கூடாது. அது கோமாளி மீனைத் கடல் சாமந்தி என்று ஏமாற்றி உட்கார வைத்து, விளிம்பைப் பையின் வாயை இறுக்குவதுபோல் மூடி விழுங்கிவிடும்.

தொட்டி புதிதாக இருக்கும் மாதங்களில் இன்னொன்றையும் கவனி. மணல்மேலும் கல்மேலும் பழுப்பு நிறத்தில் கோழை நூல் நூலாகத் தொங்கி, அதில் காற்றுக் குமிழிகள் சிக்கியிருந்தால் டைனோ எனப்படும் நுண்பாசி வந்துவிட்டது என்று அர்த்தம். அதில் ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற ஒரு வகை பாலிடாக்சினின் உறவுக்கார விஷங்களையே உண்டாக்குகிறது. 2005 கோடையில் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் இது பெருகியபோது, காற்றில் வந்த துளிகளாலேயே சுமார் 200 பேர் மருத்துவரைத் தேடிப் போனார்கள். தொட்டியில் முதலில் விழுவது நத்தையும் கடல் முள்ளெலியும். அதைத் தின்றுவிட்டுக் கவிழ்ந்து கிடக்கும். நத்தைகள் ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பித்தால் புது நத்தை வாங்கி விடாதே. ஒரு துளியை எடுத்து நிலாவின் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார். நீர்த்துளி வடிவில், ஒரு முனை ஊன்றி ஊசலாடிக்கொண்டிருந்தால் அதுதான். ராத்திரியில் இது தண்ணீருக்குள் மிதக்கக் கிளம்பும், அதனால் யு.வி. விளக்கு பொருத்தினால் இந்த வகை அடங்குகிறது. கையால் உறிஞ்சி எடுப்பதானால் குழாயில் வாய் வைத்து இழுக்காதே. இது எந்த நாளிலும் உன் வீட்டில் நடக்கக் கூடாத காரியம்.

சரி, அந்தக் கல்லை என்ன செய்வது? சும்மா விட்டுவிடலாம், அது ஒரு வழி. தொந்தரவு செய்யாதவரை பெரிய கேடு இல்லை. ஆனால் பாலி பரவும், நீ என்றாவது ஒருநாள் கை வைக்கத்தான் போகிறாய், அன்று மணி பக்கத்தில் இருப்பான். ஆகவே என் மனம் சொல்வது, கல்லோடு சேர்த்து அனுப்பிவிடு. சுரண்டி எடுத்துக் கல்லை மட்டும் காப்பாற்றலாம் என்று பார்க்காதே. போட்ட பணம் போகட்டும்.

ஒரு விடுமுறை நாளில் வித்யா மணியையும் சுந்தரியையும் நிலாவையும் கூட்டிக்கொண்டு மாடிக்கோ வெளியிலோ போகட்டும். ஜன்னல்களைத் திற. நைட்ரைல் கையுறை, முழங்கை வரை மூடும் சட்டை, பக்கவாட்டும் மூடிய கண்ணாடி, நல்ல மாஸ்க். கையில் கீறல் இருந்தால் அன்று வேண்டாம். மூடி உள்ள பக்கெட்டைத் தொட்டிக்குள்ளேயே இறக்கி, தண்ணீருக்கடியிலேயே கல்லை அதில் தள்ளி, தண்ணீரோடு தூக்கு. கல் காற்றில் வருகிற நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. கனமாக இருக்கும், உன் பக்கத்து வீட்டு நண்பரையும் அதே உடுப்போடு கூப்பிடு. மூடி, வெளியே கொண்டு போ. துணி துவைக்கும் ப்ளீச், ஐந்து ஆறு சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ளது, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர், அன்றைக்கே கலந்தது. கல் முழுக்க மூழ்கி அரை மணி நேரமாவது கிடக்க வேண்டும். அந்த உணவு மருந்து நிர்வாக விஞ்ஞானிகளே சொன்ன முறைதான் இது. கொதிநீருக்கு மசியாத விஷம் ப்ளீச்சுக்கு மசிகிறது. பம்பு கழுவ வினிகர் வைத்திருப்பாயே, அது அந்தப் பக்கம் எங்கும் இருக்கக் கூடாது. ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது இன்னொரு ஆபத்து. பிறகு கல்லை இரண்டு பைக்குள் கட்டி, மூடி இறுக்கமான குப்பைத் தொட்டியில் போடு. தொட்ட பக்கெட், தூரிகை, கையுறை, தரை எல்லாவற்றுக்கும் அதே ப்ளீச். மீன் தொட்டிக்குள் ஒரு சொட்டும் தெறிக்காமல் பார்த்துக்கொள். அன்றே தொட்டியில் புது கார்பன்.

மணியோ சுந்தரியோ எதையாவது வாயில் போட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறி வரும்வரை காத்திருக்காதே. கையுறை போட்டுக்கொண்டு வாயில் மிச்சம் இருந்தால் எடு, ஈரத்துணியால் துடை, ரோமத்தில் பட்டிருந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவு, நக்க விடாதே. உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற கைவைத்தியம் எதுவும் வேண்டாம். எச்சில் வழிதல், வாந்தி, பின்னங்கால் தள்ளாடுதல், திடீர்ச் சோர்வு, மூச்சு வாங்குதல், கருஞ்சிவப்பாகச் சிறுநீர், இவற்றில் எது தெரிந்தாலும் ஓடு. ஒன்றும் தெரியாவிட்டாலும் போ. மருத்துவரிடம் "பவளம் தின்றுவிட்டது" என்று சொன்னால் அவருக்கு விளங்காது. "பாலிடாக்சின்" என்ற பெயரைச் சொல், பொட்டாசியம், தசை நொதி, இ.சி.ஜி. மூன்றையும் பார்க்கச் சொல், இரவு முழுக்கக் கண்காணிப்பில் வைக்கச் சொல். அமெரிக்காவில் ஏ.எஸ்.பி.சி.ஏ. நடத்தும் விலங்கு விஷக் கட்டுப்பாட்டு மையம் இரவும் பகலும் போன் எடுக்கும். அந்த எண்ணைத் தொட்டி ஸ்டாண்டின் கதவில் ஒட்டி வை. வித்யாவின் போனிலும் போட்டு வை. அன்றைக்கு வீட்டில் இருப்பது அவளாகவும் இருக்கலாம்.

இனி சோவா வாங்கலாமா என்று கேட்பாய். பாலி வேண்டவே வேண்டாம், எந்த நிறத்தில் வந்தாலும். சின்ன வாய்ச் சோவாக்களைக் கல்லில் ஒட்டிய நிலையில் வாங்கி, வெட்டாமல், சுரண்டாமல், அப்படியே வளரவிட்டு ரசிப்பதானால் எனக்கு மறுப்பில்லை. வாஷிங்டன் மாதிரிகளில் சோவாந்தஸ் இனத்தில் விஷம் சொற்பமாகவோ இல்லாமலோதான் இருந்தது. ஆனால் கடைப் பெயரை வைத்து இனத்தைத் தீர்மானிக்க முடியாது என்பதால், எல்லாவற்றையும் விஷமுள்ளதாகவே நினைத்துக் கையாள வேண்டும். வெட்டி வெட்டி ஃப்ராக் விற்றுச் செலவை ஈடுகட்டலாம் என்று நீ எழுதியிருந்தது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. நாயும் பூனையும் எட்டு வயசுப் பெண்ணும் இருக்கிற சமையலறை மேசையில் அந்த வேலை நடக்கக் கூடாது. அந்தப் பவளத்தை அறுத்தால் அதற்கும் நல்லதல்ல, அவர்களுக்கும் நல்லதல்ல.

இரண்டு காரியம் உடனே செய். கல்லை எங்கே வாங்கினாய், அது எந்தக் கடலிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டு எனக்கு எழுது. இன்னொன்று, கல்லின் பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் கண்ணாடி வழியாகவே படமெடுத்து அனுப்பு. கையை உள்ளே விடாதே. அங்கேயும் பாலி ஏறியிருந்தால் பக்கத்துக் கல்லையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கும், அதற்குத் தகுந்தாற்போல் ப்ளீச்சும் பக்கெட்டும் வாங்கலாம்.

வித்யாவுக்கும் நிலாவுக்கும் என் அன்பு. அம்மா நன்றாக இருக்கிறாள், கால்வலி குறைந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை உன் போனுக்குக் காத்திருப்பாள்.

அன்புடன்,
அக்கா